மிளகாயின் செம்மையும் காரமும்

புறத்தோற்றங் கண்டு அகத்தின் இயல்பை முடிவு செய்தல் பிழையென்று நூல்களிற் கற்கின்றோம். அதனையே வீட்டுக் கொல்லையில் நின்று கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் உளர். அவரே மிளகாய்ச் செடியார்.

மிளகாய் நம் நாட்டிற் பிறந்ததன்று. கொலம்பஸ் 1492-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பகுதியை அடைந்த பின்னரே அஃது உலகெங்கும் பரவிற்று. போர்ச்சுகீசியர் வாயிலாக நம்மிடம் வந்தது. அதற்குமுன் நம் முன்னோர் உணவிற்குக் காரம் ஈந்தவற்றுள் தலையாயது மிளகு. இன்றோ, பெரியகுளத்துத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் தம் ஊர்ப்பெயரின் எழுத்துக்களாலேயே ‘பி.கே.எம். 1’ என ஒரு மிளகாய் வகையை வழங்குமளவிற்கு அது நம்முடையதாகிவிட்டது.

இதனை வீட்டில் வளர்க்க விரும்புவோர், செடியிலேயே முற்றச் சிவந்த பழத்தின் விதையை எடுத்து நிழலில் உலர்த்துக. செம்மண், மணல், மக்கிய எரு மூன்றுங் கலந்த தொட்டியில் விதைத்து, ஏறக்குறைய நாற்பது நாள் நாற்றைப் பிடுங்கி நடுக. தொட்டியின் அடியில் துளை வேண்டும்; நீர் தேங்கின் வேர் அழுகும். கடுங்கோடையிற் பூ உதிரின் அஞ்சற்க. வெப்பந் தணிந்தபின் மீண்டும் பூக்கும். நட்ட 75 நாள் அளவிற் பச்சை மிளகாய் பறிக்கலாம்.

பச்சையாகப் பறித்தற்குரிய காய், தன் வகைக்குரிய நீளம் எய்தி, தோல் பளபளத்து, அழுத்தினால் விறைப்பாக இருக்கும். வற்றலுக்குரிய பழமோ, காம்படிவரை பச்சை சிறிதுமின்றிச் சிவந்திருத்தல் வேண்டும். அரைச்சிவப்பிற் பறித்து உலர்த்தியது நிறம் வெளிறும்.

இவையெல்லாம் அறிந்தும் யான் ஒரு பிழை செய்தேன். உறவினர் வந்த நாளொன்றில், “காரங்குறைந்த மிளகாயாகப் பறித்து வா” என்று அன்னையார் பணித்தார். செம்மையே காரத்தின் அடையாளம் என்றெண்ணி, முற்றிய பசுங்காய்களையே பறித்துக் கொடுத்தேன். குழம்பை உண்ட தமக்கையாரின் சிறுமகன் கதறி அழுதான். நீர் கொடுத்தோம், எரிச்சல் தணியவில்லை. பாட்டியார் மோர் கொடுத்த பின்னரே அடங்கினான்.

காரத்தின் காரணம் காப்சைசின் என்னும் பொருள். அது நீரில் எளிதிற் கரையாது. பாலிலும் மோரிலும் உள்ள புரதம் அதனை நாவினின்று அகற்றும். அது சுரக்குமிடம் தோலன்று. பலர் கருதுமாறு விதையுமன்று. விதைகளைத் தாங்கும் வெண்ணிற உட்சதையே. காய் பசுமையாயிருக்கும்போதே காரம் பெருகி, முழுவளர்ச்சியை ஒட்டி உச்சத்தை நெருங்கும். பின்னர்ச் சிவக்குங்கால் பெரிதுங் கூடுவன நிறமும் இனிப்புமே. வகைக்கேற்பவும் காரம் வேறுபடும்: கருநாடகத்துப் பியாடகி மிளகாய் செக்கச் சிவந்தும் காரங்குறைந்தது, விரற்கணு அளவினதாகிய காந்தாரியோ நாவைச் சுடும். ஒரே செடியின் காயும், நீர் குறைந்த காலத்தில் மிகுதியாக உறைப்பதுண்டு.

1912-ஆம் ஆண்டில் வில்பர் ஸ்கோவில் என்பார், மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரிற் கலந்து, உறைப்பு நாவிற்குப் புலப்படாதொழியும்வரை நீர்க்கச் செய்து காரத்தை அளந்தார். நமக்கோ ஓர் ஈர்க்குப் போதும். காயைப் பிளந்து, காம்படியிலுள்ள உட்சதையை ஈர்க்கின் நுனியால் தொட்டு நாநுனியில் வைத்தறிக. பின்னர்க் கையைச் சோப்பிட்டுக் கழுவாமற் கண்ணைத் தொடற்க.

செம்மை பழுத்தமைக்குச் சான்று; காரத்திற்குச் சான்றன்று. இப்பொழுது அச்சிறுவன் எங்கள் இல்லத்திற்கு வரும் நாட்களில், மிளகாயைப் பிளந்து உட்சதையை நீக்கித் தரும் பணி என்னுடையதாயிற்று.