கயிறு அறுவது எங்கே?

சித்திரைப் பொருட்காட்சியால் பெயர்பெற்ற மதுரைத் தமுக்கத்தில் ராட்டினம் ஏறிய நாம் அறிவோம்: உச்சியில் உடல் இலேசாகும், அடியில் இருக்கை அழுத்தும். மேலூர்ப் பக்கக் கிணற்றடியில் சிறுவர் நீர்வாளியைக் கயிற்றில் கட்டித் தலைக்குமேல் சுழற்றும் விளையாட்டிலும் இதுவே நிகழ்கிறது.

சுற்றின் ஆரம் 1 மீட்டராயின், உச்சியில் வினாடிக்கு ஏறத்தாழ 3.1 மீட்டர் வேகம் இருந்தாலே நீர் சிந்தாது. அங்கே எடையே மையநோக்கு விசையாகிவிடுகிறது. கயிற்றில் இழுவிசை இல்லை. இறங்க இறங்க வேகம் கூடும். அடியில் கயிறு எடையைத் தாங்குவதோடு வாளியை மேல்நோக்கி வளைக்கவும் வேண்டும். கை மேலும் விசை தராவிடினும் இழுவிசை எடையைப்போல் ஆறு மடங்கு! ஆரம் எதுவாயினும் இக்கணக்கு மாறாது. (தேர்வுக்கு மனனம் செய்யும் நம் மாணவர் இதனைக் கயிற்றோடு பொருத்திப் பார்ப்பது அரிது.)

வாளி தலைக்குமேல் வருகையில்தான் அனைவரும் அஞ்சுகின்றனர். நைந்த கயிற்றுக்கோ அடியே ஆபத்து. 5 கிலோ வாளி அங்கே 30 கிலோவாகக் கனக்கிறது. அறுந்தால் தொடுகோட்டின் வழியே கிடையாகப் பாய்ந்து, எதிரே நிற்போரின் காலில் மோதும்.