புதுப்பிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

நன்றாக ஓடும் கணினியில் எதற்குக் கைவைப்பது என்பவர்கள் 2014 ஏப்ரலை நினைத்துப் பார்க்கலாம். இணையத்தில் கடவுச்சொற்களைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2012 முதல் இருந்த ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை அப்போதுதான் அம்பலமானது. திருத்தமும் கூடவே வந்தது. மூலநிரல் திறந்திருப்பதால், திருத்தத்தைப் படித்தே ஓட்டை எங்கே என்று திருடனும் தெரிந்துகொள்வான். அதன்பின் புதுப்பிக்காத கணினிக்குத்தான் ஆபத்து.

புதுப்பிப்பு வழியாகவே விஷம் வராதா? வந்திருக்கிறது. 2024இல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்று இருந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழி நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய பொறியாளர் ஆந்த்ரெஸ் ஃபிராயிண்ட் அதைப் பிடித்தார். டெபியன் லினக்ஸின் சோதனைக் கிளைகளில் புகுந்த அது நிலைப் பதிப்பை எட்டவில்லை. நிலைப் பதிப்பில் பெரும்பாலும் பழைய மென்பொருளையே வைத்து, பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் சேர்ப்பார்கள். எனவே புதிய வசதிக்குக் காத்திருக்கலாம். பாதுகாப்புத் திருத்தத்தைத் தள்ளிப்போடக் கூடாது.