விடுதிக் காப்பாளர் போட்ட கையெழுத்து

பெரும்பாலான புற்றுநோய்களுக்கு இதுதான் காரணம் என்று விரல் நீட்டிச் சொல்ல மருத்துவத்தால் முடிவதில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய் அப்படியல்ல. அநேகமாக எல்லா நோயாளிகளிடமும் அதற்குப் பின்னால் இருப்பது எச்.பி.வி. என்ற வைரஸ். இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. காரணம் தெரிந்த நோய் இது, தடுப்பூசியும் இருக்கிறது. அப்படியிருந்தும் 2020-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,24,000 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வந்தது, 77,000 பேர் இறந்தார்கள் என்கிறது உலகப் புற்றுநோய் மதிப்பீடு. ஏழைக் குடும்பங்களின் மேல்தான் இதன் சுமை அதிகம் விழுகிறது. குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதில், ரத்தப்போக்கை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வரும் பெண்கள் அவர்கள். தடுப்பூசி இருந்தும் ஏன் இந்த நிலை என்று கேட்டால், விலைதான் தடை என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி நம்பிக்கை பற்றியது. அதைப் பேசாமல் விலையை மட்டும் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது.

முதலில் விலையைப் பார்ப்போம். 2008-இல் இந்தத் தடுப்பூசி இந்தியாவுக்கு வந்தபோது ஒரு தவணை ஏறத்தாழ 3,000 ரூபாய். மூன்று தவணை போட வேண்டும். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் என்றால் பதினெட்டாயிரம் ரூபாய். அன்றாடக் கூலியில் ஓடும் குடும்பத்தால் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. எனவே நகரத்துத் தனியார் மருத்துவமனைகளுக்குப் போகிற, நோய் அபாயம் ஒப்பீட்டளவில் குறைந்த குடும்பங்களின் பெண்களுக்கே அது கிடைத்தது. அந்த விலை தயாரிப்புச் செலவால் மட்டும் வந்ததல்ல. அப்போது உலகத்துக்கே இரண்டு நிறுவனங்கள்தான் இதைத் தயாரித்தன. ஏழை நாடுகளுக்காக மொத்தமாகக் கொள்முதல் செய்யும் கேவி கூட்டணி பேரம் பேசியதும், 2013-இல் அதே தடுப்பூசி ஒரு தவணை நாலரை டாலருக்கு இறங்கி வந்தது. வாங்குபவர் ஒன்று சேர்ந்தால் விலை இறங்கும், போட்டிக்கு இன்னொரு தயாரிப்பாளர் வந்தாலும் இறங்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 1997-இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே தயாரித்தபோது இறக்குமதிச் சரக்கின் விலை சரிந்தது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவேக் என்ற எச்.பி.வி. தடுப்பூசிக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. மறு ஆண்டு அது தனியார் சந்தைக்கு வந்தபோது இரண்டு தவணை கொண்ட குப்பியின் விலை 2,000 ரூபாய். அரசு மொத்தமாக வாங்கினால் ஒரு தவணை 200 முதல் 400 ரூபாய்க்குள் முடியக்கூடும் என்று அந்த நிறுவனத்தின் தலைவர் சொல்லியிருந்தார்.

ஆனால் ஒரு பைசா செலவில்லாமல் இந்தத் தடுப்பூசி நம் ஏழைச் சிறுமிகளுக்கு ஏற்கெனவே ஒருமுறை கிடைத்திருக்கிறது. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், பாத் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து ஒரு செயல்விளக்கத் திட்டம் நடத்தியது. தடுப்பூசியைத் தயாரிப்பாளர்கள் இலவசமாகக் கொடுத்தார்கள். பத்து முதல் பதினான்கு வயது வரையிலான ஏறத்தாழ 24,000 சிறுமிகளுக்கு ஊசி போடப்பட்டது. கம்மத்தில் அவர்களில் பலர் வீட்டைவிட்டு வந்து அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிக் குழந்தைகள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா என்று அந்த மரணங்களுக்கு வேறு காரணங்களே பதிவாகியிருந்தன. தடுப்பூசிக்கும் அவற்றுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றது அரசு அமைத்த விசாரணைக் குழு. திட்டத்தின் பெயரைக் கெடுத்தது மரணங்கள் மட்டுமல்ல, விசாரணையில் வெளியே வந்த படிவங்களும்தான். கம்மத்தில் பார்த்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-இல் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள். 1,948-இல் வெறும் கைநாட்டு. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. பெற்றோரிடம் கேட்கவே இல்லை, அல்லது படித்துச் சொல்லாமல் கேட்டார்கள் என்பதுதான் அந்தப் படிவங்களுக்குப் பொருள். பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு இப்படி விடுதிக் காப்பாளரின் கையெழுத்தை வைத்து ஊசி போட யாருக்கும் துணிவு வந்திருக்காது. இலவசமாகக் கொடுக்கிறோமே, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற எண்ணம்தான் அந்தப் படிவங்களில் கையெழுத்தாக விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த அலட்சியத்துக்கு நாடு கொடுத்த விலை பெரிது. அதன் பிறகு பல ஆண்டுகள் எச்.பி.வி. என்ற பேச்சை எடுக்கவே அரசுகள் தயங்கின. பூடான் 2010-இலேயே நாடு முழுவதும் இதைப் போடத் தொடங்கிவிட்டது. இலங்கை 2017-இல் பள்ளிச் சிறுமிகளுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. இந்தியாவின் தேசிய ஆலோசனைக் குழு இதைத் தடுப்பூசி அட்டவணையில் சேர்க்கலாம் என்று பரிந்துரைக்க 2022 ஆனது. இடைப்பட்ட காலத்தில் பத்து வயதைத் தொட்டு, பதினைந்தைக் கடந்து போன பெண்களுக்கு அந்த ஆண்டுகளை இனி யாராலும் திருப்பித் தர முடியாது.

கம்மம் திட்டம் நிறுத்தப்பட்டதன் இன்னொரு விளைவு யாரும் எதிர்பாராதது. அந்தச் சமயத்தில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இரண்டு தவணை போதுமா மூன்று வேண்டுமா என்று அறிய இந்தியாவில் தனியாக ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதன் மையங்களில் ஒன்று. 2010-இல் எல்லா எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகளுக்கும் சேர்த்து வந்த தடையில் இந்த ஆய்வின் ஊசிகளும் நின்றுபோயின. ஒரே தவணையோடு நின்றவர்கள் ஏறத்தாழ 5,000 சிறுமிகள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்தார்கள். 2021-இல் வெளியான முடிவில், எச்.பி.வி. 16, 18 வகைகளின் நீடித்த தொற்றுக்கு எதிராக ஒரு தவணை தந்த பாதுகாப்பு 95 சதவீதம். மூன்று தவணை போட்டவர்களுக்குக் கிடைத்ததும் ஏறத்தாழ அதேதான். கென்யாவில் நடந்த ஆய்வும் இதே திசையில் முடிவு சொல்ல, 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணை அட்டவணையை ஏற்றுக்கொண்டது. மூன்று ஊசி ஒன்றானால் மருந்துச் செலவு மூன்றில் ஒரு பங்கு. ஊசி போட அழைத்துப் போகும் தாய்க்கும் இரண்டு நாள் கூலி மிச்சம். விலையைப் பெரிதும் குறைத்த இந்த அறிவு வந்த வழி மட்டும் நெஞ்சை உறுத்துகிறது. பாதியில் விடப்பட்ட சிறுமிகளின் உடம்பிலிருந்து வந்தது அது.

மாற்றுக் கருத்துகளுக்கு வருவோம். தடுப்பூசி எதற்கு, பரிசோதனை செய்து ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் போதாதா என்பது நியாயமான கேள்வி. எளிய பரிசோதனையின் பலனை உலகுக்குக் காட்டியதே திண்டுக்கல்தான். கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய முறையை அந்த மாவட்டத்துக் கிராமங்களில் செவிலியர்கள் செய்தபோது, இந்த நோயால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்ததை 2007-இல் வெளியான ஆய்வு நிறுவியது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஒருமுறையாவது பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாட்டில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். இரண்டும் வேண்டும். முப்பதைத் தாண்டிய தாய்க்குப் பரிசோதனை, மகளுக்கு ஊசி. இதைப் போட்டால் பெண்கள் தடம் மாறிப்போவார்கள் என்ற பேச்சுக்கு எந்த ஆய்விலும் ஆதாரம் கிடைக்கவில்லை. கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் கணவன் வழியே வரக்கூடிய வைரஸ் இது. பிள்ளைப்பேற்றைக் கெடுக்குமோ என்ற அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். கட்டாயக் கருத்தடையின் நினைவு உள்ள நாடு இது. ஆனால் 27 கோடித் தவணைகள் விநியோகிக்கப்பட்ட பிறகு, 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு அப்படியொரு தொடர்பைக் காணவில்லை. கடுமையான ஒவ்வாமை வருவது பத்து லட்சம் தவணைக்கு இரண்டுக்கும் குறைவு. கிடைக்கும் பலனோ பெரிது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட ஊடுருவும் கருப்பைவாய்ப் புற்றுநோய் பதிவாகவில்லை என்று 2024-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க ஏழை நாட்டில் பணமும் நேரமும் ஏது, பள்ளியில் வரிசையில் நிறுத்திப் போட்டுவிட வேண்டியதுதானே என்று நல்லெண்ணம் கொண்ட மருத்துவர்களே சிலர் நினைப்பதுண்டு. அவர்களுக்குப் பதில் சிக்கிமில் இருக்கிறது. 2018-இல் அந்த மாநிலம் தொடங்கிய எச்.பி.வி. திட்டமும் பள்ளிகளில்தான் நடந்தது. ஆனால் ஊசிக்கு முன்பே ஆசிரியர்கள், பெற்றோர், மருத்துவர்கள், செய்தியாளர்கள் எல்லோரிடமும் பேசினார்கள். சந்தேகங்களுக்கு முதலிலேயே பதில் சொன்னார்கள். 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட சிறுமிகள் போட்டுக்கொண்டார்கள். போலியோவிலும் நடந்தது இதுதான். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் சொட்டு மருந்தை மறுத்த வீடுகளின் கதவுகள் மிரட்டலுக்குத் திறக்கவில்லை. அதே தெருவைச் சேர்ந்த பெண்களும் மதப் பெரியவர்களும் வந்து பேசியபோது திறந்தன. 2009-இல் 741 குழந்தைகளைத் தாக்கிய நோய், 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கடைசியாக ஒரு குழந்தையோடு நின்றது. அந்த உரையாடலுக்குச் செலவானதும் தடுப்பூசிச் செலவுதான். குப்பியின் விலை இவ்வளவு இறங்கிவிட்ட பிறகு, மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை, தாயின் மொழியில் எழுதிய படிவத்துக்கும், அதை வாசித்துக் காட்டும் செவிலியரின் ஒரு மணி நேரத்துக்கும், ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணுக்கும் ஒதுக்க வேண்டும். வேண்டாம் என்று ஒரு தாய் சொன்னால், அதையும் எழுதி வைத்துக்கொண்டு மறு மாதம் திரும்பி வர வேண்டும்.

கம்மத்து விடுதிகளில் 2009-இல் வரிசையில் நின்ற சிறுமிகளுக்கு இன்று இருபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. அவர்களில் பலர் தாயாகியிருப்பார்கள். இன்னும் சில ஆண்டுகளில் அவர்களுடைய மகள்களுக்கான படிவம் வரும்.