பழைய ஜிப்சியில் அதிர்வு: கழற்றும் முன் கேட்க வேண்டிய கணக்கு

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் பழைய வாகனம் ஒன்று மணிக்கு 60 அல்லது 70 கிலோமீட்டரைத் தொட்டதும் தரையும் இருக்கையும் நடுங்கத் தொடங்கினால், பட்டறைகளில் பெரும்பாலும் முதலில் வீல் பேலன்சிங் செய்யப்படுகிறது. அதனால் பயனில்லை என்றால் யுனிவர்சல் ஜாயிண்ட்டின் நடுவே உள்ள சிலுவை வடிவக் கிராஸ் மாற்றப்படுகிறது. அதனாலும் தீராவிட்டால் டிஃபரன்ஷியல் திறக்கப்படுகிறது. இப்படி ஊகத்தை நம்பி ஒவ்வோர் உறுப்பாக மாற்றிக்கொண்டே போவது செலவு மிகுந்த வழி என்பதோடு, கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு முறையும் புதிய பிழை ஒன்று நுழைவதற்கும் அது இடம் தருகிறது. அதிர்வு எந்த உறுப்பிலிருந்து வருகிறது என்பதை ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தாமல் பெருமளவு கண்டுகொள்ள முடியும். ஏனெனில் சுழலும் உறுப்பு ஒவ்வொன்றும் தனக்குரிய வேகத்திலேயே சுழல்கிறது, நொடிக்கு எத்தனை முறை வாகனம் அதிர்கிறது என்பதும் அந்த வேகத்தைப் பொறுத்தே அமைகிறது.

இதை விளக்குவதற்கு மாருதி ஜிப்சியைவிடப் பொருத்தமான வாகனம் இந்தியச் சாலைகளில் குறைவு. ஜப்பானின் சுசுகி நிறுவனத்தின் எஸ்ஜே வரிசையை அடிப்படையாகக் கொண்டு 1985இல் அறிமுகமான இந்த வாகனம், 2010களின் இறுதிவரை தயாரிக்கப்பட்டு, ராணுவம், காவல்துறை, வனத்துறை ஆகியவற்றில் நீண்ட காலம் உழைத்தது. இன்று தனியாரிடம் உள்ளவற்றில் பல இரண்டாவது அல்லது மூன்றாவது கை மாறியவை. அதன் அமைப்பில் உள்ள ஒரு தனித்தன்மை, அதிர்வைத் தேடுவோருக்குச் சிக்கலாகவும் அதே வேளையில் உதவியாகவும் இருக்கிறது.

எஞ்சினின் விசை கிளட்ச் வழியாகக் கியர்பாக்ஸை அடைந்து, அங்கிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸ் எனப்படும் பங்கீட்டுப் பெட்டிக்குச் செல்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசையைப் பிரித்து அனுப்புவது இந்தப் பெட்டிதான். பல வாகனங்களில் இது கியர்பாக்ஸோடு ஒட்டியே இருக்கும். ஜிப்சியிலோ அது தனியாகச் சேஸியில் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் தொங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டைத் தண்டு சுழல்கிறது. பெட்டியிலிருந்து முன்னும் பின்னும் செல்லும் இரு நீண்ட தண்டுகளே புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகள். அவை டிஃபரன்ஷியலில் உள்ள பினியன் என்னும் சிறு பற்சக்கரத்தைச் சுழற்ற, அது கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்ற, இறுதியில் சக்கரங்கள் உருள்கின்றன. ஆக, ஒன்றுக்கு மூன்று தண்டுகள், அவற்றின் முனைகளில் அரை டஜன் யுனிவர்சல் ஜாயிண்ட்டுகள், அத்தனையும் நடுங்கக்கூடியவை.

இனிக் கணக்கு. ஜிப்சி கிங் வகையில் பொருத்தப்பட்ட 205/70 ஆர்15 டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2 மீட்டர் உருள்கிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர் என்பதால், அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்குப் 10 முறை சுழல்கிறது. அச்சின் பல் விகிதத்தைக் கணக்கின் எளிமைக்காக 4 என்று கொண்டால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 40 முறை சுழல வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் உயர்நிலையில் இருக்கும்போதும் விகிதம் 1.409 என்பதால், குட்டைத் தண்டு அதைவிட வேகமாக, நொடிக்கு ஏறத்தாழ 56 முறை சுழல்கிறது. யுனிவர்சல் ஜாயிண்ட்டில் கோணக் கோளாறு இருந்தால் தண்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு அதிர்வுகள் எழும் என்பதால், நீண்ட தண்டின் ஜாயிண்ட் நொடிக்கு 80 அதிர்வுகளைத் தருகிறது. பத்து, நாற்பது, ஐம்பத்தாறு, எண்பது என்று ஒன்றுக்கொன்று இவ்வளவு விலகி நிற்கும் எண்களைக் குழப்பிக்கொள்ளத் தேவையே இல்லை. நொடிக்குப் பத்து என்பது ஸ்டீயரிங்கிலும் இருக்கையிலும் தனித்தனி உதறலாகத் தெரியும். நாற்பதுக்கு மேல் அது தரையில் பரவும் மெல்லிய நடுக்கமாகவும், எண்பதை நெருங்கும்போது காதுக்குள் இரைச்சலாகவும் மாறிவிடும்.

கைப்பேசியில் உள்ள முடுக்கமானி இந்த எண்களை அளந்து வரைபடமாகக் காட்டும். அதற்கான செயலிகள் எளிதில் கிடைக்கின்றன. கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் இருக்கைச் சட்டத்திலோ தரையிலோ இறுகக் கட்டி, ஓட்டுநர் அல்லாத ஒருவர் கவனிப்பது முறை. அது நொடிக்கு எத்தனை முறை அளவெடுக்கிறதோ அதில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வுகளை அதன் வரைபடத்தில் நம்ப முடியாது என்பதால், நொடிக்கு 100 முறை மட்டுமே அளக்கும் கருவி ஜாயிண்ட் கோளாறைத் தவறான இடத்தில் காட்டிவிடும்.

கருவி இல்லாமலும் செய்யக்கூடிய சோதனைகள் உண்டு, அவற்றுள் கியர் மாற்றும் சோதனை தலையாயது. நான்காவது கியரில் எஞ்சினும் குட்டைத் தண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதால், அதிர்வு எதனுடையது என்பதை அந்தக் கியரில் எண்ணிக்கையைக் கொண்டு பிரித்தறிய இயலாது. சாலை வேகத்தை 72இலேயே வைத்துக்கொண்டு ஐந்தாவது கியருக்கு மாறினால் எஞ்சினின் வேகம் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது; அதிர்வும் கூடவே மாறினால் குற்றம் எஞ்சின் பக்கம், மாறாமல் நின்றால் கியர்பாக்ஸுக்குப் பின்னால். அடுத்து, அதே வேகத்தில் கிளட்ச்சை மிதித்து வாகனத்தை உருள விட வேண்டும். அப்போதும் அதிர்வு தொடர்ந்தால் டயர், தண்டின் சமனிலை போன்றவற்றையும், விசை கொடுக்கும்போது மட்டும் எழுந்து விட்டதும் மறைந்தால் ஜாயிண்ட் கோணம், மவுண்ட் ஆகியவற்றையும் ஐயுற வேண்டும்.

ஜிப்சியின் அமைப்பு இன்னொரு சோதனைக்கும் வழி தருகிறது. சமதரையில் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, டிரான்ஸ்ஃபர் கேஸின் நெம்புகோலை நியூட்ரலில் நிறுத்தி, கியர்பாக்ஸை நான்காவது கியரில் போட்டு எஞ்சின் வேகத்தை உயர்த்தினால், வாகனம் நகராமலேயே குட்டைத் தண்டு சுழலும். கியர்பாக்ஸ் நியூட்ரலில் இருக்கும்போது இல்லாத நடுக்கம் அப்போது தோன்றினால் தேடல் அந்தச் சிறு தண்டோடும் அதைச் சுற்றியுள்ளவற்றோடும் நின்றுவிடுகிறது. சுமையின்றிச் சுழல்வதால் மவுண்ட்டின் தளர்ச்சி இதில் முழுமையாக வெளிப்படாது என்பது மட்டுமே இதன் குறை.

முன் தண்டைச் சோதிப்பது அதைவிட எளிது. முன் சக்கரங்களில் கையால் திருப்பும் ஹப் பூட்டு உள்ள வாகனங்களில், அதை விடுவித்துவிட்டு இரு சக்கர ஓட்டத்தில் சென்றால் முன் தண்டு சுழலவே சுழலாது. பூட்டினால், விசை செல்லாவிட்டாலும் சக்கரங்களே தண்டைச் சுழற்றும். இரண்டு நிலைகளிலும் ஒரே சாலையில் ஓட்டிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும், இருந்தும் இதைச் செய்து பார்க்காமல் முன் டிஃபரன்ஷியலின் ஹவுசிங்கைத் திறந்த பட்டறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தச் சோதனைகளை நான்கு சக்கர ஓட்டத்தில் உலர்ந்த தார்ச்சாலையில் செய்யக் கூடாது. முன்னும் பின்னும் சற்றே வேறுபட்ட வேகத்தில் சுழல்வதற்கு இடமளிக்கும் மைய டிஃபரன்ஷியல் இந்த வகை வாகனங்களில் இல்லாததால், தண்டுகளில் முறுக்கம் சேர்ந்து அதுவே ஒரு நடுக்கத்தை உண்டாக்கிவிடும். அதேபோல், மேடுபள்ளத்தில் இடித்தவுடன் ஸ்டீயரிங் இருபுறமும் வெறிகொண்டு ஆடுவது தண்டுகளின் கோளாறே அன்று. முன் அச்சின் கிங்பின் பேரிங்குகளின் தளர்ச்சியையும் ஸ்டீயரிங் இணைப்புகளின் தேய்மானத்தையும் அங்கே பார்க்க வேண்டும்.

யுனிவர்சல் ஜாயிண்ட்டின் இயல்பு சற்று விரிவாக அறியத்தக்கது, ஏனெனில் புதிய கிராஸ் போட்ட பின்பும் நீங்காத அதிர்வுகளின் மூலம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் இத்தாலியக் கணிதர் கார்டானோவின் பெயரோடும், 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக்கின் பெயரோடும் இணைத்துப் பேசப்படும் இந்த இணைப்பு, வளைந்த கோணத்தில் விசையைக் கடத்தும்போது ஒரு விலையைக் கேட்கிறது: உள்ளே வரும் தண்டு சீராகச் சுழன்றாலும், வெளியே செல்லும் தண்டு ஒரு சுற்றுக்குள் இருமுறை முந்தி இருமுறை பிந்துகிறது. கோணம் 6 பாகையாக இருந்தால் இந்த ஏற்றத்தாழ்வு அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். 12 பாகையானால் இரண்டு விழுக்காட்டையும் தாண்டுகிறது. அதாவது கோணம் இரட்டித்தால் கோளாறு நான்கு மடங்காகிறது. தண்டின் மறுமுனையில் உள்ள இரண்டாவது ஜாயிண்ட், அதே அளவு கோணத்தில், சரியான நிலையில் பொருத்தப்பட்டிருந்தால், முதலாவது செய்த பிழையை அது எதிர்த்திசையில் செய்து நீக்கிவிடுகிறது. இரு கோணங்களும் ஏறத்தாழ ஒரு பாகைக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பதும், தண்டின் இரு முனைகளிலும் உள்ள யோக் எனப்படும் கவைகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும் என்பதும் இதனால்தான். நீளம் கூடிக் குறையும் பொருட்டுத் தண்டின் நடுவே அமைந்துள்ள பல்வரிசையைக் கிரீஸ் இடுவதற்காகப் பிரித்து, திரும்பச் சேர்க்கும்போது ஒரு பல் தள்ளிப் போட்டுவிட்டால், உறுப்புகள் அனைத்தும் புதியனவாகவே இருந்தாலும் வாகனம் அதிரும். சில வாகனங்களின் முன் தண்டில் தயாரிப்பாளரே கவைகளை வேண்டுமென்றே விலக்கி வைத்திருப்பதும் உண்டு என்பதால், கண்ணளவைவிடத் தண்டில் உள்ள அடையாளத்தையும் கையேட்டையும் நம்புவதே நன்று.

கோணங்கள் தாமாக மாறுவதில்லை. அவற்றைத் தாங்கி நிற்பவை தளரும்போது மாறுகின்றன. பழைய ஜிப்சியில் ஐயத்துக்குரிய முதல் இடமாகச் சுழலும் உறுப்புகளைவிட, அவற்றை நிலைநிறுத்தும் ரப்பர் மவுண்ட்டுகளைச் சொல்வதே பொருந்தும். ஒழுகும் எண்ணெயால் ரப்பர் ஊறி மிருதுவாகி அமிழும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் சாய்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மேலும் முறுகித் திரும்புகிறது. அதனோடு இணைந்த மூன்று தண்டுகளின் கோணங்களும் ஒரே நேரத்தில் கெடுகின்றன. ஒருவர் கடப்பாரையால் பெட்டியை மெல்ல நெம்ப, இன்னொருவர் மவுண்ட்டில் பிளவு திறக்கிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். பின் அச்சிலும் இதே கதை வேறு வடிவில் நிகழ்கிறது: ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்தோ அவற்றைக் கட்டும் யு-போல்ட்டுகள் நெகிழ்ந்தோ இருந்தால், விசை கொடுக்கும்போது அச்சு முறுகிப் பினியனின் மூக்கு மேலெழும்புகிறது. உயரம் கூட்டுவதற்காக நீண்ட ஷேக்கிளோ உயரமான பட்டையோ போட்ட வண்டிகளில் இந்தத் தொல்லை மிகுதி. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகட்டை வைத்துப் பினியனின் சாய்வைத் திருத்துவது அதற்குரிய வழி. ஆனால் ஜாயிண்ட்டின் கோணத்தை முற்றிலும் சுழியாக்கிவிட்டால், உள்ளிருக்கும் ஊசி பேரிங்குகள் அசையாமல் ஒரே இடத்தை அழுத்திக் குழி பறிக்கும் என்பதால் சிறிதளவு கோணம் இருக்கத்தான் வேண்டும்.

சமனிலைக் குறைவு வேறு வகை. தண்டின் சுவரில் 35 மில்லிமீட்டர் ஆரத்தில் வெறும் 10 கிராம் எடை மிகுந்திருந்தாலும், நொடிக்கு 40 சுற்றில் அது ஏறத்தாழ இரண்டேகால் கிலோ எடைக்கு நிகரான விசையால் தண்டை வெளியே இழுக்கிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். தொழிற்சாலையில் பற்றவைத்த சிறு எடைத்தகடு உதிர்ந்த தடம், கல்லில் இடித்த குழிவு, காய்ந்து ஒட்டிய சேறு ஆகியவற்றைத் தேட வேண்டும். சேற்றைக் கழுவியதும் அதிர்வு போய்விட்ட வண்டிகள் பல. லேத் பட்டறைக்கு அனுப்பும் முன், தண்டில் இரண்டு ஹோஸ் கிளிப்புகளைப் பூட்டி, அவற்றின் திருகுத்தலையைக் கால் சுற்றாக நகர்த்தி நகர்த்தி ஓட்டிப் பார்த்து, எந்த நிலையில் அதிர்வு குறைகிறது என்று கண்டறிவது பழைய மெக்கானிக்குகளின் முறை.

அடியில் படுத்துப் பார்க்கும்போது தண்டைக் கையால் முறுக்கியும் மேலும் கீழும் தள்ளியும் ஆட்டம் இருக்கிறதா என்று உணர வேண்டும். கிராஸின் மூடிகளைச் சுற்றித் துருத்தூள் படிந்திருந்தால் அது உலர்ந்து தேய்கிறது என்று பொருள். பினியனின் விளிம்புத்தட்டு மேலும் கீழும் அசைந்தால் பேரிங் தளர்ந்துவிட்டது. அங்கே எண்ணெய்க் கசிவும் இருந்தால் சீலை மட்டும் மாற்றுவது வீண். அச்சைத் தூக்கிச் சோதிக்க நேர்ந்தால் ஸ்டாண்டை அச்சின் அடியிலேயே வைக்க வேண்டும். சேஸியில் வைத்தால் அச்சு தொங்கி, கோணங்கள் எல்லாம் சாலையில் இருப்பதற்கு மாறாகிவிடும். சுழலும் தண்டின் அருகே எவரும் செல்லாதிருப்பதும், தளர்ந்த ஆடை, துண்டு ஆகியவற்றைத் தவிர்ப்பதும் கட்டாயம். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்றவற்றில் கைப்பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில் அமைந்திருப்பதால், பின் தண்டைக் கழற்றிய பிறகு அந்தக் கைப்பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்காது. கட்டை வைக்காமல் அடியில் நுழைந்தவர்மேல் வண்டி உருண்டுவிடக்கூடும்.

கழற்றுவது என்று முடிவாகிவிட்டால், விளிம்புத்தட்டு, கவை, பல்வரிசை ஆகிய மூன்றிலும் பெயிண்டால் நேர்க்கோடு இழுத்துவிட்டே முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைக்க வேண்டும். பழைய வண்டியில் மவுண்ட் தளர்ச்சியும் கிராஸ் தேய்மானமும் டயரின் கோணலும் சேர்ந்தே இருப்பது இயல்பு என்பதால், ஒன்றைச் சரிசெய்ததும் அதிர்வு மறையாமல் வேறு வேகத்துக்கு நகர்ந்துவிடுவதுண்டு. அப்போது புதிய வேகத்தைக் குறித்துக்கொண்டு மறுபடியும் கணக்கிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.