இரண்டாண்டுப் படிப்பு, மூன்றே நாற்காலி
பல்லைச் சுத்தம் செய்யப் பயிற்சி பெற்றவர்கள் தயார். வேலைதான் தேட வேண்டியிருக்கிறது.

முதல் நோயாளிக்கு வலிக்காது. ரப்பர் முகம், பிளாஸ்டிக் பல். கம்பியில் பொருத்திய அந்தப் பொம்மைத் தலையின் முன் குனிந்துதான் டென்டல் ஹைஜீனிஸ்ட் மாணவர்கள் கருவி பிடிக்கப் பழகுகிறார்கள். ஸ்கேலரைப் பேனாபோல் பிடித்து, மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்ற வேண்டும். ஊன்றிய விரல் வழுக்கினால் ஈறு கிழியும்.

ஈறுக்கு அடியில் ஒளிந்திருக்கும் காரை கண்ணுக்குத் தெரியாது. கருவியின் நுனியில் தட்டுப்படும் சொரசொரப்பை விரல்தான் உணர வேண்டும். அது எங்கே அதிகம் படியும் என்பதும் பாடம்: உமிழ்நீர்ச் சுரப்பி திறக்கும் இடத்துக்கருகே, கீழ்வரிசை முன்பற்களின் பின்புறம். உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து பல்லில் ஒட்டிய படலத்தைக் கல்லாக்கிவிடுகிறது. பிறகு எந்த பிரஷ்ஷுக்கும் அது அசையாது. மழுங்கிய ஸ்கேலர் இன்னும் மோசம். காரையைப் பெயர்க்காமல் மேலே மெழுகிவிடும். அதனால் கருவி தீட்டவும் கற்றாக வேண்டும்.

தொழில் புதிதல்ல. அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் 1906-ல் தன் உதவியாளர் ஐரீன் நியூமனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். 1913-ல் பள்ளியே தொடங்கினார். இந்தியாவில் 1948-ம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமே இவர்களுக்குத் தனிப் பெயரும் பதிவேடும் கொடுத்தது. (அதற்கு மாற்றாக 2023-ல் நாடாளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியது.) பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்களுக்கு இரண்டாண்டு டிப்ளமோ. காரை எடுக்கலாம், மெருகூட்டலாம், வாய் சுகாதாரம் சொல்லித்தரலாம். எல்லாம் பல் மருத்துவரின் மேற்பார்வையில். பல் பிடுங்கக் கூடாது, சொத்தையை அடைக்கக் கூடாது.

சிக்கல் படிப்பு முடிந்த பிறகுதான். நாட்டில் 300-க்கும் அதிகமான பல் மருத்துவக் கல்லூரிகள். பி.டி.எஸ். முடித்த இளம் டாக்டரே குறைந்த சம்பளத்துக்கு ஸ்கேலிங் செய்யத் தயாராக இருக்கும்போது, கிளினிக் முதலாளி ஏன் ஹைஜீனிஸ்டைத் தேடப்போகிறார்? அவருக்கு வேண்டியது போன் எடுத்து, கருவி கழுவி, டோக்கன் கொடுக்கும் ஒரு கை. அரசு வேலையோ அபூர்வம். 2024-ல் ரயில்வே அறிவித்த 1,376 துணை மருத்துவப் பணியிடங்களில் ஹைஜீனிஸ்டுக்கு ஒதுக்கியது 3. அதற்கும் இரண்டாண்டு அனுபவம் வேண்டும். அதை எங்கே போய்ச் சம்பாதிப்பது?

நஷ்டம் இவர்களுக்கு மட்டுமல்ல. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்ற பயம் இன்னும் போகவில்லை. உண்மையில் ஈறும் எலும்பும் கரைந்த பல்லைக் காரைதான் சிமென்டுபோல் பிடித்து நிறுத்தியிருக்கும். எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. இதைப் பொறுமையாகச் சொல்ல அவசர டாக்டருக்கு நேரம் ஏது? குட்கா மென்று வாய் திறக்க முடியாமல் போவதையும், கன்னத்தின் உட்புற வெள்ளைத் திட்டையும் அரை மணி நேரம் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் கவனிக்காமல் விடாது.

வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டுபவர்களிடம் உஷார் தேவை. அமெரிக்காவில் அங்கே அங்கீகாரம் பெற்ற படிப்பும் தேசியத் தேர்வும் இல்லாமல் உரிமம் கிடைக்காது. இங்கே வாங்கிய டிப்ளமோவை மட்டும் காட்டினால் கதவு திறக்காது. கட்டணம் கட்டுமுன் கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. படிப்புக்கு அங்கீகாரம் உண்டா? பொம்மைத் தலையைத் தாண்டி, நிஜ வாய்கள் எத்தனை கிடைக்கும்?