கீழடிக்குப் போகும்போது தாத்தா, பாட்டியையும் கூட்டிப் போங்கள்!

விடுமுறை விட்டால் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று யோசிக்கிறீர்களா? மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலையில் போய், சிலைமான் தாண்டித் திரும்பினால் கீழடி. சுமார் 13 கிலோ மீட்டர்தான். சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் வட்டத்தில் உள்ள இந்த ஊரில், 2023 மார்ச் 5-ம் தேதி தமிழக அரசு அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் கட்டிய கட்டடம். உள்ளே இருப்பவை ராஜாக்களின் வாளும் கிரீடமும் அல்ல. உழுதவர்கள், நெய்தவர்கள், பானை வனைந்தவர்கள் புழங்கிய பொருட்கள். ஆகவே, அங்கே நமக்கு நல்ல வழிகாட்டி நம் வீட்டுப் பெரியவர்கள்தான்.

தென்னந்தோப்புக்குக் கீழே ஓர் ஊர்

1970-களில் இந்த ஊரில் கிணறு தோண்டியபோது வெளிவந்த பழம்பொருட்களைக் கவனித்துச் சொன்னவர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர். முறையான அகழாய்வு தொடங்கியது 2014-15-ல். மத்தியத் தொல்லியல் துறை மூன்று கட்டங்கள் தோண்டியது. நான்காம் கட்டத்திலிருந்து தமிழகத் தொல்லியல் துறை தொடர்ந்தது. 353 சென்டி மீட்டர் ஆழத்தில் கிடைத்த கரியை அமெரிக்க ஆய்வகத்தில் சோதித்தபோது, அதன் காலம் கி.மு. 580 என்று வந்தது. அதாவது, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஆழத்தில் 2,600 ஆண்டுப் பழைமை. மேலே தென்னந்தோப்பு.

யாருக்கு எதைக் காட்டலாம்?

விவசாயம் பார்க்கும் பெரியவர்களை வேளாண்மை, நீர் மேலாண்மை பற்றிய கூடத்துக்கு முதலில் அழைத்துப் போங்கள். சுடுமண் உறைக்கிணறு பற்றி அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினால் மணல் சரியாது. ஊற்று நீர் உள்ளே நிற்கும். இன்று நாம் சிமென்ட் உறை இறக்குவதும் இதே கணக்குதான். ஆய்வுக்கு அனுப்பிய எலும்புத் துண்டுகளில் பாதிக்கு மேல் மாடு, எருமை, ஆடு. பட்டி வைத்துப் பிழைத்த ஊர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பாட்டிமார்களை தக்களிகளின் முன்னால் நிறுத்துங்கள். நூல் நூற்ற தக்களி, எலும்பில் செய்த கூர்முனைகள், செம்பு ஊசி என்று நெசவுக்கான பொருட்கள் பல இங்கே கிடைத்துள்ளன. பிள்ளைகளுக்குப் பகடைக்காய், ஆட்டக்காய், வட்டச் சில்லு. பாண்டி ஆட ஓட்டாஞ்சில்லு பொறுக்கிய அம்மாக்களுக்கு இதை விளக்க யாரும் தேவையில்லை.

பானை ஓடுகளில் கீறிய தமிழி எழுத்துகளைத் தவறவிடாதீர்கள். ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று ஆட்களின் பெயர்கள் அவற்றில் உள்ளன. சீர்வரிசைப் பாத்திரத்தில் நாம் பெயர் வெட்டுவதில்லையா? அது போலத்தான். பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள்.

கிளம்புமுன் வார விடுமுறை நாளையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். உச்சி வெயிலுக்கு முன் போய்விட்டால் முதியவர்களுக்குச் சிரமம் இருக்காது.

வீட்டுக்கு வந்தபின்

வேலை இனிமேல்தான் இருக்கிறது. பரணிலும் மாட்டுக்கொட்டகையிலும் கிடக்கும் மரக்கால், படி, கமலை வடம், கலப்பை, குதிர் மூடி ஆகியவற்றைப் பிள்ளைகளை விட்டே எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. பெயர் என்ன, எதற்குப் பயன்பட்டது, கடைசியாக யார் பயன்படுத்தியது? இந்த மூன்று கேள்விக்கும் பதிலைத் தாத்தாவிடம் கேட்டு அதில் எழுதட்டும். பழைய சாமான் வாங்க வருபவரிடம் எடைக்குப் போட்டால் கைக்கு வருவது சில நூறு ரூபாய். பொருள் போனால் பெயர் போகும். பெயர் போனால் வேலை முறையும் மறந்துபோகும். கமலை இறைத்தவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய நேரம் இதுதான்.

கிணறு வெட்டும்போது பானை வந்தால்..?

‘சொன்னால் நிலத்தை எடுத்துக்கொள்வார்களே!’ என்பதுதான் பலருடைய பயம். இந்தப் பயத்தில் உடைத்துப்போட்ட தாழிகள் எத்தனையோ! கீழடியில் நிலத்துக்காரர்களின் சம்மதத்துடன்தான் குழி போட்டார்கள்; ஆய்வு முடிந்த குழிகள் பலவற்றை மூடி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆகவே, ஓடோ தாழியோ எலும்போ தென்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பொருளைக் கழுவவோ இடம் மாற்றவோ வேண்டாம். எந்த ஆழத்தில் இருந்தது என்பதுதான் அதன் வயதைச் சொல்லும். போட்டோ எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவியுங்கள்.

காசோ நகையோ கிடைத்தால் சட்டமே இருக்கிறது. 1878-ம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முறைப்படி சொன்னவருக்கும் நிலத்துக்காரருக்கும் அதில் பங்கு கேட்கும் உரிமை உண்டு. அரசே எடுத்துக்கொண்டால், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், தண்டனையும் வரும்.

அன்று கிணற்று மண்ணோடு அந்தப் பொருட்களையும் அள்ளிக் கொட்டியிருந்தால், இன்று கீழடி என்ற பெயரை யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். அடுத்த முறை உங்கள் கொழுமுனையில் ஓடு தட்டினால், ஒரு நிமிடம் நின்று குனிந்து பாருங்கள்.