சொற்செயலியில் பக்க முறிவு: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு விளக்கம்

0. முன்னுரை

அச்சு நூலில் பக்கம் என்பது தாளின் அளவால் அமைவது; பனுவலின் உறுப்பன்று. கணிப்பொறி ஆவணத்திலோ பக்கம் மாறுமிடம் சில வேளைகளில் பனுவலினுள்ளேயே ஒரு குறியாகப் பதிவாகிறது. அக்குறி இடப்படும் இடமும் முறையும் தோற்றத்தை மட்டுமன்றித் தொடரின் முழுமையையும் பாதிக்கக்கூடும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இருவகை முறிவுகள்

பக்க முறிவு, தன்னியல் முறிவு எனவும் இடுமுறிவு எனவும் இருவகைப்படும். தாள், ஓரம், எழுத்துரு ஆகியவற்றின் அளவைக் கொண்டு சொற்செயலி தானே கணக்கிடுவது தன்னியல் முறிவு. அளவு மாறின் அதன் இடமும் மாறும். எழுதுவோர் இடுவது இடுமுறிவு. அது பனுவலோடு சேர்ந்தே நகரும். எளிய பனுவல் கோப்புகளில் இதற்கென ஆஸ்கி குறிமுறையின் 12ஆம் எண் ஒதுக்கப்பட்டுள்ளது.

என்டர் விசையைப் பலமுறை அழுத்தி அடுத்த பக்கத்தை எட்டுவது இவ்விரண்டிலும் அடங்காது. அவ்வாறு உருவாவது வெற்றுப் பத்திகளின் வரிசையே. ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ.; அமெரிக்காவில் வழங்கும் லெட்டர் தாளின் உயரம் ஏறத்தாழ 279 மி.மீ. தாள் மாறினாலும், மொழிபெயர்ப்பில் பனுவலின் நீளம் மாறினாலும், இயல் தலைப்பு பக்கத்தின் நடுவில் வந்து நிற்கும்.

2. தொடரின் நடுவே முறிவு

"ஆசிரியர் மாணவர்களுக்குப் புதிய இலக்கண நூலைக் கொடுத்தார்" என்னும் தொடரில், 'நூலைக்' என்பதை அடுத்து இடுமுறிவு அமைவதாகக் கொள்வோம். முறிவைக் கூற்றெல்லையாகக் கொள்ளும் மொழிபெயர்ப்புக் கருவி இதனை இரு கூறுகளாக்கும். தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்பதால் முதற்கூறு பயனிலையின்றி அமையும். ஆங்கிலத்திலோ எழுவாயை அடுத்தே வினை வரவேண்டும். மேலும், வருமொழி பிரிந்துவிட்டமையால் 'நூலைக்' என்பதன் ஈற்றிலுள்ள ஒற்று காரணமின்றி நிற்கும். இக்குறைக்கூறுகள் மொழிபெயர்ப்பு நினைவகத்தில் சேர்ந்துவிட்டால், பின்வரும் பணிகளிலும் பிழை தொடரும்.

3. இடும் முறை

அ) மைக்ரோசாஃப்ட் வேர்டு, லிப்ரெஆஃபீஸ் ரைட்டர் ஆகிய இரண்டிலும் கண்ட்ரோல், என்டர் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் இடுமுறிவு அமையும். இடஞ்சுட்டி பத்தியின் தொடக்கத்தில் இருத்தல் வேண்டும்.

ஆ) அகராதியில் ஒவ்வோர் எழுத்தும் புதுப்பக்கத்தில் தொடங்க வேண்டுமாயின், தலைப்புப் பத்தியின் பாணியிலேயே 'முன்னர்ப் பக்க முறிவு' என்னும் பண்பை அமைத்தல் நன்று. அப்போது பனுவலினுள் தனிக்குறி எதுவும் புகாது.

இ) தலைப்பு பக்கத்தின் அடியில் தனித்து நில்லாதிருக்க, 'அடுத்த பத்தியோடு இணைத்தல்' என்னும் பண்பே போதும்; முறிவு தேவையில்லை.

4. முடிவுரை

மொழித் தரவகத்தில் மேற்கோளுக்குப் பக்க எண் இன்றியமையாதது. ஆயினும் அதற்காகத் தொடரைப் பிளத்தல் கூடாது. 1987இல் தொடங்கிய பனுவல் குறியீட்டு முன்முயற்சியின் நெறிமுறை, பக்கத் தொடக்கத்தை உள்ளடக்கமற்ற ஓர் அடையாள உறுப்பாகத் தொடரினுள்ளேயே குறிக்கிறது. இதனால் பக்க எண்ணும் காக்கப்படுகிறது. தொடரும் முழுமையாக நிற்கிறது. பக்கம் தாளுக்குரியது, தொடர் மொழிக்குரியது என்னும் வேறுபாட்டைப் பேணுவது மொழிபெயர்ப்பாளர்க்கும் தரவகம் தொகுப்போர்க்கும் ஒருங்கே பயன்தரும்.